‘அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருந்திருக்குமே, டீச்சர்?’

சிறுநகரம் ஒன்றில், அரசு உதவிபெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“இரண்டாம் உலகப் போர் பாடத்தில் யூதர் படுகொலை பற்றிச் சில வரிகள்தான் வருகின்றன. அது போதாது என்று வதைமுகாம் காட்சிகள் உள்ள ஒரு வீடியோவை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். இரண்டு பெண்பிள்ளைகள் அழுதார்கள். கடைசி பெஞ்சில் சிரிப்பு. ஒரு பையன் மட்டும் எழுந்து, ‘இதையெல்லாம் செஞ்சவங்க பைத்தியமா டீச்சர்?’ என்றான். ‘அவங்க மனுஷங்களே இல்லப்பா, மிருகங்க’ என்றேன். ‘அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருந்திருக்குமே?’ என்றான். மணி அடித்துவிட்டது. மறுநாள் ஒரு பெற்றோர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். தலைமையாசிரியர், ‘ரெண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு எதுக்கும்மா?’ என்கிறார். நான் செய்தது தப்பா? அந்தப் பையனுக்கு என்ன சொல்வது? ஏன் செய்தார்கள் என்று விளக்க ஆரம்பித்தால் செய்தவர்களுக்கு வக்காலத்து வாங்கியதுபோல ஆகிவிடாதா?”

அன்புள்ள டீச்சர்,

மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. 1969 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைக் வாலஸ் என்ற பேட்டியாளர் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் பால் மெட்லோ. இந்தியானா மாநிலத்துக்காரர், வியட்நாம் போரில் ஒரு பாதத்தைக் கண்ணிவெடிக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர். மை லாய் என்ற இடத்தில் ஆண்களையும் பெண்களையும் கைக்குழந்தைகளையும் சுட்டதாக அவரே சொன்னார். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று வாலஸ் கேட்டார். இரண்டு பேர் என்றார். இரண்டு குழந்தைகளின் தகப்பன் எப்படிக் குழந்தைகளைச் சுட முடியும் என்ற கேள்விக்கு, தெரியவில்லை என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

செய்தவருக்கே தெரியாததை உங்கள் பையன் கேட்டிருக்கிறான். அவனை விட்டுவிடாதீர்கள்.

வீடியோ போட்டது தப்பா என்றால், தப்புதான். நானும் செய்த தப்பு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பிணக்குவியலைப் பார்த்த பிள்ளைக்கு யோசிக்க இடமே இருக்காது. ஒன்று அழும், இல்லாவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கொடூரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டில் பையன்கள் சிரிப்பதை நாம் பார்த்ததில்லையா? எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பேர் இல்லை, உடம்பில் துணி இல்லை. கொன்றவர்கள் அவர்களை எப்படிப் பார்க்க விரும்பினார்களோ, அப்படியேதான் நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

என் யோசனை இது. பாடப் புத்தகத்தில் உள்ள யூதர் படுகொலையை அதன் இடத்தில் நடத்துங்கள். ‘ஏன் செய்தார்கள்’ என்ற கேள்விக்கு மட்டும் அறுபது லட்சம் என்ற எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். அவ்வளவு பெரிய எண் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மனதில் நிற்காது. கூடவே ஹிட்லர் என்று ஒரு ஆள் வந்து நின்றுகொள்வான். எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டுப் பிள்ளைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு காலை, ஒரே ஒரு கிராமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் எடுப்பது மை லாயைத்தான். 1968 மார்ச் 16, சனிக்கிழமை. அதில் ஹிட்லர் கிடையாது. செய்தவர்கள் அமெரிக்கப் பையன்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் என்றைக்காவது போய்விட வேண்டும் என்று கனவு காணும் நாட்டின் பையன்கள். பெரும்பாலோருக்கு வயது இருபதை ஒட்டி.

முதல் பீரியடில் கதை எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைய ராணுவ அறிக்கையின் சாரத்தைப் பலகையில் எழுதிப் போடுங்கள்: ‘எதிரிகள் 128 பேர் பலி. கைப்பற்றிய ஆயுதங்கள் 3.’ பக்கத்திலேயே இன்னொரு வரி: ‘கிராமத்துக்குள் போன படைப்பிரிவில் காயம் 1.’ அந்த ஒருவரும் தன் துப்பாக்கியால் தன் காலையே சுட்டுக்கொண்டவர். அதை இப்போது சொல்லாதீர்கள். எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

என் அனுபவத்தில், கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் பையன்தான் முதலில் பிடிப்பான். ‘128 பேர்கிட்ட மூணு துப்பாக்கிதானா? மத்தவங்க எதை வெச்சு சண்டை போட்டாங்க?’ என்பான். இன்னொரு பிள்ளை, ‘அவ்வளவு பெரிய சண்டையில ஒருத்தருக்குத்தான் அடியா?’ என்று கேட்கும். அங்கே சண்டையே நடக்கவில்லை என்பதை வகுப்பே கண்டுபிடித்துவிடும். ஒரு பிணத்தைக்கூடக் காட்டாமல், ஒரு அரசாங்கக் காகிதத்தைச் சந்தேகத்தோடு படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். தலைமையாசிரியருக்குக் கணக்கு காட்டவும் இது உதவும்.

அதன் பிறகு உண்மையைச் சொல்லுங்கள். குவாங் ங்காய் மாகாணத்தில் சோன் மை என்ற கிராமம், அதில் ஒரு குக்கிராமம் மை லாய். அன்று காலை அந்தக் கிராமத்தில் கொல்லப்பட்டவர்கள் 504 பேர் என்பது அங்குள்ள நினைவகத்தின் கணக்கு. அவர்களில் 173 பேர் குழந்தைகள். அமெரிக்க ராணுவத்தின் விசாரணை சொன்ன எண் 347. இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

அடுத்த பீரியட் முழுவதையும் மார்ச் 16க்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு ஒதுக்குங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். மை லாய்க்குள் போன அமெரிக்கப் படைப்பிரிவின் பேர் சார்லி கம்பெனி. அது வியட்நாமுக்கு வந்தது 1967 டிசம்பரில். வந்த நாளிலிருந்து எதிரியை நேருக்கு நேர் பார்த்ததே அபூர்வம். கண்ணிவெடியிலும் மறைபொறியிலும் கூட இருந்தவன் செத்தான், கால் போயிற்று. யார் வைத்தது என்று தெரியாது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் கிழவிக்குத் தெரிந்திருக்கும், அவள் சொல்லவில்லை, அப்படியானால் அவளும் எதிரிதான் என்ற நினைப்பு மெல்ல ஊறுகிறது. ஊர்க்காரர்களைக் குறிக்க ‘கூக்’ என்று ஒரு வசைச்சொல். அந்தச் சொல்லுக்குள் கிழவி, பிள்ளை, சிப்பாய் எல்லாம் ஒன்று. மேலிடம் வெற்றியை அளந்தது பிண எண்ணிக்கையால். (ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தரத்தை அளந்தால் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தேர்ச்சி விகிதம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.)

மார்ச் 14 அன்று கம்பெனியின் சார்ஜன்ட் ஒருவர் மறைபொறியில் சிக்கி இறந்தார். மறுநாள் மாலை அவருக்கு அஞ்சலிக் கூட்டம். அதை ஒட்டியே காப்டன் எர்னஸ்ட் மெடினா அடுத்த நாள் தாக்குதலைப் பற்றிப் பேசினார். காலை ஏழு மணிக்கெல்லாம் பொதுமக்கள் சந்தைக்குப் போயிருப்பார்கள், மிச்சம் இருப்பவர்கள் எதிரிகள்தான் என்பது அவர்களுக்கு வந்த உளவுத் தகவல். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லச் சொன்னாரா? சொன்னார் என்று சில சிப்பாய்கள் சாட்சி சொன்னார்கள், இல்லை என்று சிலர். மெடினா மறுத்தார், 1971இல் விடுதலையானார். இந்த முரண்பாட்டை வகுப்பில் அப்படியே வையுங்கள். துக்கம், பயம், பழிவெறி, ஒரு வசைச்சொல், ஒரு தப்பான தகவல், தெளிவில்லாத ஒரு உத்தரவு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் படுகொலை இல்லை. ‘இந்த இடத்துல யாராவது ஒருத்தர் என்ன கேட்டிருக்கலாம்?’ என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்டால் நீங்களே அசந்துபோவீர்கள்.

கொலைகளை விவரிக்க வேண்டாம். கிராமத்திலிருந்து எதிர்ச்சுடு வரவில்லை, காலைச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துச் சுட்டார்கள், கால்வாய் ஒன்றில் இறக்கிச் சுட்டார்கள், சில மணி நேரம் இது நடந்தது. இவ்வளவு போதும். மெட்லோ அழுதுகொண்டே சுட்டார் என்று கூட இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அதை மட்டும் சொல்லுங்கள். அழுதார், ஆனாலும் சுட்டார். உங்கள் பையனின் கேள்வி குடியிருப்பது அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லில்தான்.

இந்த இடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும்: ‘சுடலைன்னா அவங்களையே சுட்டிருப்பாங்க டீச்சர்.’ எல்லோரும் நம்பும் விஷயம் இது. அப்போது பாடப் புத்தகத்துப் போருக்குத் திரும்புங்கள். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் என்ற ஊர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் படை, சுமார் 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயது, குடும்பஸ்தர்கள். தளபதி ட்ராப், ஊரிலுள்ள யூதர்களைக் கொல்ல உத்தரவு வந்திருப்பதாகக் கண்கலங்கச் சொல்லிவிட்டு, வயதானவர்களில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். விலகி முன்னால் வந்தவர்கள் சுமார் 12 பேர். அவர்களை யாரும் சுடவில்லை, ஜெயிலில் போடவில்லை. அன்று கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். பின்னால் இன்னும் சிலர் நடுவில் கழன்றுகொண்டார்கள் என்றாலும், பெரும்பாலானவர்கள் நின்றார்கள்.

ஏன் நின்றார்கள்? இருபது வருடம் கழித்து நடந்த விசாரணை வாக்குமூலங்களைப் படித்த வரலாற்றாசிரியர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. யூத வெறுப்பு ஊறிப்போனதுதான் முக்கியம் என்பவர்கள் உண்டு. எனக்கு வகுப்பறையில் உதவியது இன்னொரு விளக்கம்: கூட்டாளிகள் முன்னால் கோழையாகத் தெரிய வேண்டாம், கஷ்டமான வேலையை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நான் மட்டும் ஒதுங்கக் கூடாது என்ற நினைப்பு. உயிர்பயம் இல்லை, வெட்கம். இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். ஒரு பையனை எல்லோரும் சேர்ந்து ஓட்டும்போது மனசுக்குப் பிடிக்காமலே கூடச் சேர்ந்து சிரித்தவர்கள்தானே அத்தனை பேரும்! ஆனால் ஒரு எச்சரிக்கை. அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், ஒன்றில்லை. வெட்கம் எவ்வளவு கனமானது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் பயன்படுத்துங்கள்.

நேரம் இருந்தால் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனையைச் சொல்லலாம். சோதனைக்கு வந்த சாதாரண ஆட்களிடம், பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள். உண்மையில் மின்சாரம் கிடையாது, அலறுவது நடிப்பு. நாற்பது பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். சோதனையை நம்பாமல் விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களும் அதில் இருந்திருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. எல்லோரும் இந்த 26ஐச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில், கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நடுவில் ‘மாட்டேன்’ என்று எழுந்துவிட்டார்கள். கடைசி வரை போனவர்கள் அப்போது நாற்பதில் 4 பேர்தான். நான் பலகையில் பெரிதாக எழுதுவது இந்த நாலைத்தான்.

இப்போது மை லாய்க்குத் திரும்பி, எழுந்து நின்றவர்களிடம் வாருங்கள். அவர்களை முதலிலேயே சொல்லிவிட்டால் பாடம் ஹீரோ கதையாகிவிடும். அங்கே தரையில் இருந்த சிலர் சுட மறுத்தார்கள். மறுத்ததற்காக அவர்களை யாரும் சுடவில்லை. மேலே ஹெலிகாப்டரில் ஹியூ தாம்சன், வயது 24. கூட லாரன்ஸ் கோல்பர்ன், 18, கிளென் ஆண்ட்ரியோட்டா, 20. கீழே நடப்பது என்ன என்று புரிந்ததும், பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நோக்கி வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் நடுவில் தாம்சன் ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் அந்த மக்களைச் சுட்டால் இவர்களைச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். இன்னும் இரண்டு ஹெலிகாப்டர்களை வரவழைத்து அந்த மக்களை வெளியேற்றினார். பிணங்கள் நிறைந்த கால்வாயில் ஆண்ட்ரியோட்டா இறங்கி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். முகாமுக்குத் திரும்பியதும் தாம்சன் மேலதிகாரிகளிடம் கொதித்துப்போய்ப் புகார் செய்தார். சுடுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காதீர்கள். விஷயம் வெளியே வந்தபோது வசைக் கடிதங்களும் கொலை மிரட்டலும் வந்தன. ராணுவம் அந்த மூவருக்கும் பதக்கம் கொடுத்தது 1998இல், முப்பது வருடம் கழித்து. ஆண்ட்ரியோட்டா மை லாய் நடந்து சில வாரங்களிலேயே போரில் இறந்துவிட்டிருந்தார்.

அந்த 1998இல் தாம்சனும் கோல்பர்னும் மை லாய்க்குப் போனார்கள். உயிர் பிழைத்த ஒரு பெண், அன்று சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை, வந்திருந்தால் மன்னித்திருப்போமே என்றாராம். தாம்சனே சொன்னது இது. கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இதைச் சொல்லிப் பாடத்தை முடிக்காதீர்கள். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். எதுவும் சரியாகவில்லை. தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர்தான். 22 பேரைக் கொன்றதற்காக 1971இல் ஆயுள் தண்டனை. உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் மூன்றரை வருடம் போலத்தான் காவலில் இருந்தார், அதுவும் பெரும்பாலும் வீட்டுக் காவல். அவரை விடுவிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் வெள்ளை மாளிகைக்குத் தந்தி அடித்தார்கள்.

வக்காலத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரணம் கேட்பது வேறு, கணக்குக் கேட்பது வேறு. மெட்லோவின் துக்கமும் பயமும் காரணம். அதே துக்கமும் அதே பயமும் இருந்து சுடாமல் நின்றவன் பத்தடி தள்ளி இருந்தானே, மெட்லோவிடம் கணக்குக் கேட்க அவன் ஒருவன் போதும். மறுத்தவர்களைச் சொல்லாமல் காரணங்களை மட்டும் அடுக்கினால்தான் அது வக்காலத்தாகும். ‘அந்த இடத்தில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்’ என்ற முடிவுக்கு வகுப்பு வந்துவிட்டால் பாடம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். ‘அவர்கள் மிருகங்கள்’ என்று முடித்தாலும் அதே கதைதான்.

அந்தப் பையனிடம், வகுப்பில் எல்லோர் முன்னாலும், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அன்னைக்கு அவசரத்துல மிருகம்னு சொல்லிட்டேன்ப்பா. அது தப்பு. மிருகம்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் யோசிக்க வேண்டியதில்லை. அவங்களும் கொல்றதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்களை அப்படித்தான் ஏதோ ஒரு பேர் வெச்சுக் கூப்பிட்டாங்க. நீ கேட்டது சரி. அவங்க வீட்ல பிள்ளைங்க இருந்தாங்க. அதை வெச்சுக்கிட்டே செஞ்சாங்க. எப்படின்னு நாம ரெண்டு மூணு பீரியட் உட்கார்ந்து பார்ப்போம்.” டீச்சர் தன் தப்பை ஒத்துக்கொள்வதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாதிப் பாடம்.

ஒரு முக்கியமான விஷயம். உங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ‘நீ சொல்லும்மா, உங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு’ என்று எழுப்பிவிட்டேன். அவள் நின்றாள், பேசவில்லை. அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் என்ன பார்த்தார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? பாடத்துக்கு ஒரு நாள் முன்னால் தனியாகக் கூப்பிட்டு, இன்னதை நடத்தப் போகிறேன், வேண்டாம் என்றால் அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையாகப் பேச வந்தால் கேளுங்கள். நீங்களாகக் கேட்காதீர்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து ‘நீ சிப்பாய், நீ கைதி’ என்று நடிக்க விடவே விடாதீர்கள். 1967இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் நாஜிக் காலத்தைப் புரியவைக்க மாணவர்களை வைத்து ஒரு ‘இயக்கம்’ தொடங்கப் போய், சில நாட்களிலேயே அது அவர் கையை மீறிப் போயிற்று. நம் ஊர் வகுப்பில் யார் சிப்பாய் ஆவார்கள், யார் கைதி ஆவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சாதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தலைமையாசிரியர் விஷயம் சுலபம். முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாடம், எத்தனை பீரியட், படம் எதுவும் காட்டப் போவதில்லை. பெற்றோருக்கும் டைரியில் இரண்டு வரி. வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்டால், ஜாலியன் வாலாபாக்கைக் காட்டுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டது டயர் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். 1,650 தோட்டாக்களைச் சுட்ட 50 சிப்பாய்களும் இந்தத் துணைக்கண்டத்துக்காரர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கர்வால் ரைபிள்ஸ் சிப்பாய்கள் மறுத்ததும், அவர்களில் ஒருவரான சந்திர சிங் கர்வாலி அதற்காக ஆயுள் தண்டனை பெற்றதும் அதே விடுதலைப் போராட்ட வரலாறுதான். நாலாவது பீரியட் கிடைத்தால் இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வைக்காதீர்கள். செவ்வாய், புதன் மாதிரி வாரத்தின் நடுவில், காலையில் வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்கு எதுவும் நடத்தாமல் துண்டுத்தாள் கொடுத்து, பேர் போடாமல் கேள்வி எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடாமல், பத்து நிமிடம் அந்த வராந்தாவிலேயே நில்லுங்கள். யாராவது ஒருவர் வருவார்.

அன்புடன்,
வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்